கணக்கில் வராத மீன்கள்

வாடகைப் படகு மீன்பிடி என்பது ஒரு நாளை விலைக்கு விற்கும் தொழில். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமிக்குத் தெற்கே தொடங்கிக் கீ வெஸ்ட் வரை வளைந்து நீளும் கீஸ் தீவுகளில் இது தலைமுறைகளாக நடந்து வருகிறது. வாடிக்கையாளர் அரை நாளுக்கோ முழு நாளுக்கோ பணம் கட்டுகிறார். அரை நாள் என்றால் பெரும்பாலும் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8. படகு, எரிபொருள், தூண்டில் கோல்கள், இரை, ஒரு கேப்டன், மேட் என்று அழைக்கப்படும் ஓர் உதவியாள் எல்லாம் அதில் அடக்கம். மீன் மட்டும் அடக்கமில்லை. கடல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான்.

பலனுக்கு உறுதி சொல்ல முடியாமலே கூலி வாங்கும் தொழில்கள் உலகில் ஏராளம். வைத்தியமும் வழக்காடலும் அந்த வகைதான். அவற்றில் ஒருவருடைய நேர்மையைப் பலனை வைத்து அளக்க முடியாது. அவர் கைக்கு எட்டிய இடத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாடகைப் படகில் கைக்கு எட்டிய இடம் இரை. அதுவும் உயிருள்ள இரை.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் கடலின் அமைப்பே காரணம். தீவுகளின் ஒரு பக்கம் ஆழமற்ற ஃபுளோரிடா விரிகுடா, மறுபக்கம் அட்லாண்டிக். அட்லாண்டிக் பக்கத்தில் சில கிலோமீட்டர் தள்ளிப் பவளப் பார். பாரைத் தாண்டியதும் தரை சரிந்து இறங்க, வளைகுடா நீரோட்டத்தின் தொடக்கமான ஃபுளோரிடா நீரோட்டம் ஓடுகிறது. கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்கடல் மீன்கள் உலவும் நீலத்தண்ணீரை எட்டிவிடலாம். 1912இல் ஹென்றி ஃப்ளாக்லர் என்ற தொழிலதிபரின் ரயில் பாதை கீ வெஸ்ட்டை அடைந்தபோது பணக்காரத் தூண்டில்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். லாங் கீ தீவில் ரயில் நிறுவனம் நடத்திய மீன்பிடி முகாமில் நாவலாசிரியர் சேன் கிரே தங்கி, செயில்ஃபிஷ் எனப்படும் மயில்மீனைப் பிடித்தார். 1935 செப்டம்பர் புயல் ரயில் பாதையையும் முகாமையும் சேர்த்து அழித்தது, மீன்பிடி பிழைத்துக்கொண்டது. இன்று ஐலமொராடா என்ற சிற்றூர் தன்னை உலக விளையாட்டு மீன்பிடியின் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. வேறு சில ஊர்களும் இதே பட்டத்தைச் சூடிக்கொள்வதுண்டு.

ஆறு பேர் வரை ஏற்றிச் செல்லும் படகின் கேப்டனுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் வேண்டும். அதைப் பெற 360 நாள் படகில் பணியாற்றியதற்குச் சான்று காட்ட வேண்டும். வாடிக்கையாளருக்கு எந்த அனுபவமும் தேவையில்லை. தூண்டிலைத் தொட்டே பார்க்காதவரும் கோலைப் பிடிக்கலாம். அவர் துறைக்கு வருவது காலை எட்டு மணிக்கு என்றால், படகின் நாள் இருட்டிலேயே தொடங்கியிருக்கும்.

வாடிக்கையாளர் பார்க்காத அந்த நேரம் இரை பிடிப்பதற்கானது. குளிர்காலத்தில் மயில்மீனுக்குப் பெரிதும் வேண்டப்படுவது பாலிஹூ எனப்படும் முரல் இன மீன். பாரின் ஆழம் குறைந்த ஓரத்தில் நங்கூரமிட்டு, அரைத்து உறையவைத்த மீன் கூழைச் சல்லடைப் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். கூழ் கரைந்து நீரோட்டத்தோடு பின்னால் ஓடும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு முரல்கள் நீர்மட்டத்தில் கூட்டமாக ஏறி வரும். நீரோட்டம் இல்லாத நாளில் கூழ் நேரே கீழே இறங்கிவிடும், முரலும் வராது. வந்த கூட்டத்தின் மேல் வீச்சுவலை விழும். ஒரே வீச்சில் வேண்டியது கிடைத்துவிட்டால் அது நல்ல விடியல். வலை கோணலாக விரிந்துவிட்டால் கூட்டம் மிரண்டு கலையும். திரும்பக் கூடுவதற்குப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

மத்தி இனத்தைச் சேர்ந்த பில்ச்சர்டுக்கு வேறு வழி. கரையோரத்து ஆழமற்ற நீரில், கூழைக்கடாக்கள் தலைகீழாய்ப் பாயும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். வலையின் கண் அளவு இங்கே முக்கியம். கண் பெரிதானால் சிறுமீன்கள் செவுள்வரை நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கும்போது பாதி செத்துவிடும். கண் சிறிதானால் வலை மெதுவாக இறங்கும், அதற்குள் மீன் அடியால் நழுவிவிடும். அதனால்தான் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகளைப் படகில் வைத்திருக்கிறார்கள். பெரிய விழிகள் கொண்ட பாரை இன மீன்களை இரவில் ஜப்பானியச் சபிக்கித் தூண்டிலால் பிடிப்பதும் உண்டு. ஒரே நரம்பில் வரிசையாகக் கட்டிய சின்னஞ்சிறு முட்கள், ஒவ்வொன்றிலும் மினுங்கும் மீன் தோலோ இறகோ. இரவு முழுவதும் இப்படி இரை பிடித்து, விடிகாலையில் கேப்டன்களுக்கு விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிடித்ததை உயிரோடு வைத்திருப்பது பிடிப்பதைவிடக் கடினம். படகின் பின்பகுதியில் இருக்கும் உயிர்த்தொட்டிக்கு மூலைகள் கிடையாது. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். மூலை இருந்தால் மத்திக் கூட்டம் அங்கே நெருக்கியடித்து, மூக்கை இடித்துச் சிவக்கவைத்துக்கொண்டு சாகும். கடல்நீர் இடைவிடாமல் உள்ளே வந்து மேல்வழியாக வழிந்து வெளியேற வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 6.2 தான். வெயில் ஏற ஏற மீனின் உடல் கேட்பது கூடுகிறது, நீரில் இருப்பது குறைகிறது. ஆகஸ்ட் மாதத்துத் தொட்டியில் ஜனவரியில் போட்ட அளவு மீனைப் போட்டால் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை மிதக்கத் தொடங்கும்.

கையால் தொடக் கூடாது என்பது இன்னொரு விதி. எலும்புள்ள கடல் மீன்களின் இரத்தம் கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்புதான் கொண்டது. எனவே அவற்றின் உடலிலிருந்து நீர் எப்போதும் வெளியே கசியப் பார்க்கிறது. அதைத் தடுப்பவற்றில் செதிலும் அதன் மேலுள்ள வழவழப்பும் முக்கியமானவை. உலர்ந்த கையால் இறுக்கிப் பிடித்து அதை உரித்துவிட்டால், கடலுக்குள் இருந்துகொண்டே மீன் வறண்டு சாகும். தேர்ந்த மேட் ஒருவர் சபிக்கி முள்ளிலிருந்து மீனை விரல் படாமல் தொட்டிக்குள் உதிர்ப்பார். செத்ததை உடனே எடுத்துப் போடுவார். அழுகல் மற்றவற்றையும் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் படகில் ஏறும் உயிர்களிலேயே இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படுவது இந்தச் சிறுமீன்தான். வாடிக்கையாளருக்கு ஒரு புட்டித் தண்ணீரும் நிழலும் கொடுத்தால் போதும்.

இந்தப் பராமரிப்பு எதற்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட மீனின் மேலுதட்டிலோ மூக்கிலோ முதுகின் முன்பகுதியிலோ முள் ஏறுகிறது. முள் ஏறும் இடத்தைப் பொறுத்து அது நீந்தும் திசை மாறும். வாலுக்கு அருகே கோர்த்தால் படகை விட்டு விலகிக் கீழே போகும். தென் ஃபுளோரிடாவில் பட்டம் விட்டு மீன் பிடிக்கும் முறை பேர்பெற்றது. சாலமன் தீவுகளிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் இலையால் செய்த பட்டங்களைக் கொண்டு செய்துவந்ததன் நவீன வடிவம் இது. பட்டத்தின் கயிற்றிலுள்ள கவ்வியில் தூண்டில் நரம்பை மாட்டி, இரை நீர்மட்டத்திலேயே துள்ளும்படி தொங்கவிடுவார்கள். நரம்பு நீரில் படாது; மேலிருந்து இறங்கும் அந்தக் கோடு கீழே வரும் வேட்டை மீனுக்கு எளிதில் தெரியாது.

அடுத்து நடப்பதுதான் இந்தத் தொழிலின் நடுப்புள்ளி. பெரிய மீன் நெருங்கும்போது இரைக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. அதுவரை சோம்பலாக நீந்திய மத்தி திடீரென்று அலைபாயும், நீரைவிட்டு எகிறும், நரம்பு நடுங்கும். கேப்டனும் மேட்டும் கண் வைத்துக் காத்திருப்பது இந்த நடுக்கத்துக்குத்தான். கடலின் அடியில் நடப்பதை மேலே சொல்லும் கருவி அந்தச் சிறுமீனின் பயம். அந்தப் பயம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இருட்டில் வலை வீசியதும், தொட்டியின் மூலைகளை வளைத்ததும், விரல் படாமல் எடுத்ததும்.

லாபத்திலிருந்து பிறந்த அக்கறை அக்கறையாகுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஆகாது என்று சொல்வது சுலபம். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு மத்திக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று தெரியாது. ஓர் உயிர் எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்று துல்லியமாக அறிந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறவர்களே. ஆடு மேய்ப்பவருக்கு ஆட்டைப் பற்றித் தெரிவது போல. இரக்கம் தூரத்தில் நிற்கலாம், அறிவால் தூரத்தில் நிற்க முடியாது. அதற்காக அறிவே இரக்கம் ஆகிவிடுவதுமில்லை. உயிர்த்தொட்டியில் இரண்டும் ஒரே கைகளில் சேர்ந்தும் சேராமலும் இருக்கின்றன; படகில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மயில்மீன் இரையை விழுங்கிய பிறகு கதை வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. இப்போது பயன்படும் வட்டமுள், கோலை வெடுக்கென்று இழுக்காமல் மெல்லச் சுருட்டினால், குடலில் இறங்காமல் வாயின் ஓரத்தில் மாட்டும். அட்லாண்டிக்கில் மயில்மீன் வகைகளுக்கான போட்டிகளில் இயற்கை இரையோடு வட்டமுள்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2008 முதல் சட்டம். பசிபிக் தீவுவாசிகள் எலும்பிலும் சிப்பியிலும் இதே வளைவை எப்போதோ செய்துவிட்டார்கள். மயில்மீனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் கீழ்த்தாடையிலிருந்து வால் கவடுவரை 63 அங்குலம் இருக்க வேண்டும்; ஆனால் இன்று பெரும்பாலானவர்கள் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். துறைக்குத் திரும்பும்போது விடுவித்த ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கொடி ஏறும். சில படகுகளில் அது தலைகீழாகப் பறக்கும். அந்தக் கொடிகளில் முரலுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு மயில்மீனை உயிரோடு விட எத்தனை சிறுமீன்கள் முள்ளில் ஏறின என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

மீனுக்கு வலிக்குமா என்பதில் அறிவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடன் ஆய்ந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலமும் தேனீ நஞ்சும் செலுத்திப் பார்த்தார்கள். வலியைத் தூண்டும் காயங்களை உணரும் நரம்புகள் அங்கே இருப்பதையும், அமிலம் பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்ததையும் கண்டார்கள். மனித மூளையின் புறணி போன்ற அமைப்பு இல்லாத உயிருக்கு வலி என்ற உணர்வு இருக்க முடியாது என்று ஜேம்ஸ் ரோஸ் என்ற ஆய்வாளர் மறுத்தார். எந்தப் பக்கம் சரியானாலும், அந்த வாதம் மயில்மீனுக்குச் சாதகமாகத் தீர்ந்து முரலுக்கு மட்டும் தீராமல் இருக்க வழியில்லை. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது: உயிர்மீனை முள்ளில் கோர்ப்பதற்கும் அங்கே பொதுவாகத் தடை, விட்டுவிடுவதற்காகவே பிடிப்பதற்கும் இடமில்லை. உண்பதற்கு என்றால் பிடிக்கலாம். ஃபுளோரிடாவில் பெருமையாக நினைக்கப்படும் செயல் அங்கே குற்றமாகலாம்.

கணக்கில் வராமல் போவது சிறுமீன் மட்டுமில்லை. 1994இல் ஃபுளோரிடா வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பைத் திருத்திச் செவுள்வலைகளைத் தடை செய்தார்கள். 1995 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்காக முன்னின்றவை தூண்டில்காரர்களின் அமைப்புகளும் ‘ஃபுளோரிடா ஸ்போர்ட்ஸ்மேன்’ இதழும். மடவை மீன் கூட்டங்கள் பெருகின என்பதை மறுக்க முடியாது. வலையை நம்பி வாழ்ந்த சிறிய மீன்பிடிக் குடும்பங்கள் தொழிலை இழந்தன என்பதும் அதே அளவு உண்மை. வீச்சுவலை தப்பியது. அதன் கையளவு வீச்சு யாருக்கும் அச்சுறுத்தலாகத் தெரியவில்லை. வாடகைப் படகுக்கும் அது வேண்டியிருந்தது.

மேட்டின் கூலியும் இந்த வகையைச் சேர்ந்தது. பல படகுகளில் அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி வாடிக்கையாளர் தரும் டிப்ஸ், வழக்கமாகக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம். மீன் கிடைத்த நாளில் கை தாராளமாக நீளும். காற்று மாறி ஒன்றும் கடிக்காத நாளில், அதே இருட்டில் அதே வலையை வீசியவருக்குக் குறைவாகவே கிடைக்கும். கேப்டனின் கட்டணம் அதிர்ஷ்டத்திலிருந்து காக்கப்பட்டிருக்கிறது. அதிர்ஷ்டத்தின் முழு எடையும் உதவியாளின் பங்கில் விழுகிறது.

இரை பிடிக்கும் உழைப்பு இப்படி மறைந்தே இருந்தாக வேண்டும் என்றில்லை. மாலத்தீவிலும் அதற்கு வடக்கேயுள்ள மினிக்காயிலும் சூரை பிடிக்கும் மரபு முழுவதுமாக உயிர் இரையை நம்பியது. மாலத்தீவின் பழைய படகுகளில் அடித்தட்டில் துளைகள் வைத்துக் கடல்நீரை இரைக்கிடங்குக்குள் விட்டு, உள்ளே வருவதை ஓயாமல் இறைத்து வெளியேற்றினார்கள். அங்கே இரை பிடிப்பது நாளின் முதல் வேலை, ஊரறிந்த வேலை; அது கிடைக்காவிட்டால் படகு சூரைக்குப் போகவே போகாது. அங்கே வாடிக்கையாளர் என்ற மூன்றாமவர் இல்லாததால் மறைக்க வேண்டியதும் இல்லை.

கீஸ் தீவுகளில் மாலை நான்கு மணிக்குப் படகு கட்டப்பட்ட பிறகு மேட் மீனை வெட்டித் துண்டு போட்டுப் பையில் கொடுக்கிறார், தளத்தைக் கழுவுகிறார், சுருள்களை நன்னீரில் அலசுகிறார். தொட்டியில் மிஞ்சிய இரைக்கு மூன்று வழிகள். துறையிலேயே திறந்துவிடலாம், பாலத்தடியில் காத்திருக்கும் டார்பன் மீன்களுக்கும் கூழைக்கடாக்களுக்கும் அவற்றில் பல போய்ச் சேரும். உப்பிட்டு உறையவைத்தால் பிறகு செத்த இரையாகப் பயன்படும். நல்ல நிலையில் இருப்பவற்றை மிதக்கும் கூண்டுக்குள் மாற்றினால், ஓரிரு நாளில் அடிபட்டவை இறந்து ஒதுங்க, எஞ்சியவை தேறித் திடமாகிவிடும். மறுநாள் முன்பதிவு இருந்து, காற்று மணிக்கு 20 நாட்டிக்கல் மைல் வேகத்தைத் தாண்டும் என்று வானிலை அறிக்கை சொன்னால், வலை வீச முடியாத அந்த விடியலுக்காகப் பெரும்பாலான கேப்டன்கள் கூண்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.