கேட்காத கேள்வி

என் தங்கை மகன் வெளிநாடு போகும்போது தன் காரை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனான். வேகத்துக்கென்றே செய்த கார் அது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவன் அந்தக் காரை விரட்டியிருக்கிறான். போகுமுன் தேய்ந்த பிரேக் தட்டுகளை மாற்றிப் புதியன போட்டிருந்தான். வஞ்சகமாகச் செய்ததல்ல; நல்ல எண்ணத்தோடுதான் செய்தான்.

வாங்க வந்தவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். கூட ஒரு வயதான மெக்கானிக்கும் வந்திருந்தார். பெரியவர் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம்! கிளப்பியதும் புகையின் நிறத்தைக் கவனித்தார். நீலமென்றால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். டயரின் உள்விளிம்பைத் தடவினார். மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பைத் தேடினார். மீட்டரை மட்டும் அலட்சியமாகப் பார்த்தார்.

"நாற்பதாயிரம் காட்டுது சார். எத்தனை கிலோமீட்டர்ங்கிறது பெரிசில்லை, எப்படி ஓடின கிலோமீட்டர்ங்கிறதுதான் கணக்கு" என்றார்.

வெப்பத்தால் நீலம் பாரித்த பழைய பிரேக் தட்டுகள் இருந்திருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவைதாம் இல்லையே! இளைஞர் விலையை மட்டும் கேட்டார், முன்பணம் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரக்கு விற்பனை பற்றிய நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவாக, வாங்குகிறவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தோடு கேள்வி முடிந்துவிடுகிறதா? கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ இதே வழக்கை ஆராய்ந்திருக்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வருகிறான் ஒரு வணிகன். பின்னால் வேறு பல கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமா? 'கேட்டால் பொய் சொல்லாதே, அது போதும்' என்பது டயோஜினிஸ் என்ற அறிஞரின் கட்சி. 'எதையும் ஒளிக்காதே' என்பது அவருடைய மாணவர் ஆண்டிபேட்டரின் கட்சி. சிசரோ மாணவரின் பக்கம் நின்றார். சும்மா இருப்பதெல்லாம் மறைப்பதாகாது. உன் லாபத்துக்காக, தெரிந்துகொள்ள வேண்டியவனுக்குத் தெரியக் கூடாது என்று நீ விரும்பினால் அதுவே மறைப்பு என்றார்.

விடிந்ததும் இளைஞரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மெக்கானிக்கைக் கலந்துகொண்டு, முப்பதாயிரம் குறைத்து வாங்கிப் போனார். "ஓடறதுக்குச் செஞ்ச வண்டி ஓடினது குத்தமா சார்? சொன்னீங்களே, அது போதும்" என்றார் பெரியவர்.

மருமகனுக்குத்தான் மனத்தாங்கல். "மாமா, அவர் கேட்கவே இல்லையே!" என்று தொலைபேசியில் குறைப்பட்டான்.

உண்மைதான், அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் மறைத்திருக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டுவிடக் கூடாதே என்று அந்த அரைமணி நேரமும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது?