கொழகொழ

'கொழகொழ' என்ற சொல்லைச் சாப்பிடும் இடத்தில் சொல்லக் கூடாது என்பது சிவகிரியில் எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குவார்கள். வதக்கும்போது கொஞ்சம் மோர் தெளிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் 'இல்லாட்டி நல்லா வராது' என்பதோடு பேச்சு நின்றுவிடும். காரியம் முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியே நடக்கிறது. சொல்லுக்கு மட்டும் அனுமதி இல்லை.

இந்த விலக்கின் நியாயம் என்ன? ஓசையைக் குற்றம் சொல்ல முடியாது. 'மழமழ', 'வழவழ' என்று அதே ஓசைகளைக் கூச்சமின்றிச் சொல்கிறோம். பொருளின் தன்மையையும் குற்றம் சொல்ல முடியாது. இளநீரின் வழுக்கையைக் கேட்டு வாங்குகிறோம். இளநுங்கைக் கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சுகிறோம். ஆங்கிலம் பேசுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈரப்பதத்தைக் குறிக்கும் 'மாய்ஸ்ட்' என்ற சொல்லின் மீது இதே அருவருப்பு உண்டு; ஆனால் நல்ல கேக்கைப் பாராட்ட அதைவிடப் பொருத்தமான சொல் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பால் திபடோ என்ற அமெரிக்க உளவியலாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வெறுப்பின் வேர் ஓசையைவிட, அச்சொல் நினைவூட்டும் உடற்கசிவுகளிலேயே இருப்பதாகக் கண்டார். நமக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. 'கொழகொழ' என்றதும் கோழை ஞாபகம் வருகிறது. உணவும் உடலும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை இலையின் முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இலக்கணத்தில் இந்தக் கூச்சத்துக்கு இடமுண்டு. நன்னூல் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. ஆனால் இடக்கரடக்கல் ஒரு சொல்லை மறைத்து இன்னொன்றைத் தருகிறது. பொருள் எப்படியும் கைக்கு வந்துவிடுகிறது. 'பதம் சரியில்லை' என்பதில் எதுவும் வருவதில்லை. அப்பளம் நமத்ததா, சோறு குழைந்ததா, கூட்டு சொதசொதத்ததா, பாகு பிசுபிசுத்ததா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. அறுசுவைக்குப் பெயரிட்டு எண்ணிக்கை சொன்ன மரபு, வாயின் ஸ்பரிசத்துக்கு அப்படி ஒரு கணக்கு வைக்கவில்லை. அடுக்களையில் இரட்டைக்கிளவிகளே அந்த வேலையைச் செய்துவந்திருக்கின்றன.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். சற்றுக் கெட்டியானது சிலருக்குப் பத்திரமாக இறங்கும். இதற்கென 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் கொண்ட சர்வதேச அளவுகோல் ஒன்று இப்போது இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எண் போதும். வீட்டில் கரண்டி பிடிக்கிறவர் அடுப்பருகே நிற்கிறவரிடம், 'தண்ணியா வேண்டாம், கட்டி தட்டாம கொழகொழன்னு வேணும்' என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் நாசூக்குப் பார்ப்பது இரக்கமின்மை.

இன்னொரு கேடும் உண்டு. இலையின் முன்னால் அடக்கிவைத்த அருவருப்பு மறைந்துவிடுவதில்லை. ஆள்மீது போய் உட்காருகிறது. குறளில் கூழ் அரசனுக்கு வேண்டிய ஆறில் ஒன்று. அங்கே அதற்கு உணவு, வளம் என்று பொருள். இன்று 'கூழ் குடிக்கிற குடும்பம்' என்றால் ஏளனம். எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது சீராட்டு. ஒருவன் 'களி தின்னப் போகிறான்' என்றால் அவன் போவது ஜெயிலுக்கு. சட்டியில் இருப்பதைச் சொல்லக் கூசுகிறவர்கள், அதைத் தின்கிறவரைச் சொல்லக் கூசுவதில்லை. ஜப்பானியர் வெண்டைக்காயின் இதே தன்மையை, நம்மைப் போலவே இரட்டித்து, 'நெபா நெபா' என்கிறார்கள். அதற்காகவே அதை விரும்பி உண்கிறவர்கள் அங்கே உண்டு. ஆகவே இந்த முகச்சுளிப்பு பழக்கத்தில் வந்தது. பழக்கத்தால் போகவும் கூடும்.

நம் கதைகளில் சாப்பாடு மணக்கிறது, ருசிக்கிறது. பல்லில் ஒட்டுவதோ தொண்டையில் வழுக்குவதோ அபூர்வம். கவிதையில் சீழுக்கும் மலத்துக்கும் இடம் கேட்டு வாங்கியவர்கள் நாம். அதிர்ச்சி தர அச்சொற்கள் உதவின. அதிர்ச்சி தேவைப்படாத இடத்தில், வெண்டைக்காய்க் குழம்பை உள்ளபடி சொல்வதற்காக மட்டும் ஒரு கூச்சமான சொல்லை எடுப்பது அதைவிடக் கடினமாக இருக்கிறது. அந்தச் சொல்லைக் கழுவித் துடைத்துத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் பிசுபிசுப்பு அதோடேயே இருக்கட்டும். அது பொருளின்மேல் இருக்க வேண்டும், மனிதர்மேல் ஏறக் கூடாது.