மூடிய பழுது



அமெரிக்க ஜனாதிபதிகள் உலாவந்த ‘செக்கோயா’ என்னும் மரப்படகு 1925-இல் கட்டப்பட்டது, 1977-இல் விற்கப்பட்டது. முதுமையில் அதையும் அழுகல் விடவில்லை.

இத்தகைய படகைப் புதுப்பிக்க இரு வழி உண்டு. அழுகிய பலகையின்மேல் ஃபைபர்கிளாஸ் துணியைப் பிசினால் ஒட்டி வர்ணம் பூசலாம். சில வாரங்களில் படகு புதிதுபோல் மின்னும். ஆனால் அடைபட்ட ஈரம் வெளியேறாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் காய்ந்த மரத்தைக் காளான் தீண்டாது. ஈரம் மிஞ்சி நின்றாலோ உள்ளுக்குள்ளே அரித்துத் தின்றுவிடும். மற்ற வழி, நல்ல மரம் தென்படும்வரை அழுகலை வெட்டியெறிந்து, உலர்ந்த புதுப்பலகை பொருத்துவது. செலவு அதிகம், மாதங்கள் பல ஆகும்.

“படகு என்னுடையது, மூடினால் யாருக்கு நஷ்டம்?” என்பார் உடையவர். நாளை அதை வாங்குபவர், அந்த மினுமினுப்பை நம்பித் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவாரே! வாய்திறந்து சொல்வது மட்டுமா பொய்? பழுதை அறிந்தே பூசிய பூச்சும் பொய்தான்.

குற்றம் ஃபைபர்கிளாஸுடையதன்று. உலர்ந்த, உறுதியான மரத்துக்கு அது கவசம்; அழுகலுக்கோ போர்வை.

நம் வீட்டிலும் மறைத்த கடன் உண்டு. பேசாமல் மூடிய மனஸ்தாபம் உண்டு. திறந்தால் வலிக்கும்; செலவாகும். ஆயினும் முதலில் திறந்து பார்ப்போம். பூச்சு பிறகு ஆகட்டும்.