பின்கொசுவம்

பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் மகளுக்குக் கிராமத்துப் பெண் வேஷம். பின்கொசுவத்தை மடித்துத் தைத்து ஹூக் வைத்த உடை வாடகைக்கே கிடைக்கிறது. தப்பில்லை. ஆடும்போது அவிழக் கூடாதே! பரதநாட்டிய உடையில் அரைமண்டிக்கு விரிகிற விசிறியும் தைத்த மடிப்புதான்.

ஆனால், பெரும்பாறைச் சரிவுகளில் காபிப் பழம் பறிக்கப் போன அப்பத்தாக்களுக்குப் பின்கொசுவம் வேஷமில்லை. மடிப்பு பின்னால் போனால் முன்னால் காலைத் தடுக்காது. அகலமாகக் கால் வைத்து மேடு ஏறலாம்.

அதே கட்டோடு அப்பத்தா விழாவுக்குக் கிளம்பினால், 'வேற மாதிரி கட்டிக்கிட்டு வாங்களேன்' என்கிறோம். மேடையில் கைதட்டுகிற நமக்கு, வாசலில் ஏன் கூச்சம்?

இந்த முறை ஹூக் வேண்டாம். பேத்திக்கு அப்பத்தாவே கட்டிவிடட்டும். அப்படியே முன்வரிசையில் உட்காரட்டும்.