தரவரிசையும் தகுதியும்

போட்டி என்று ஒன்று நிகழுமானால் முடிவு என்று ஒன்று பிறக்கும். முடிவுகள் பல சேருமானால் தரவரிசை உருவாகும். முதலாமிடம், பதினாறாமிடம், இறுதியிடம் என மனிதரை எண்களால் அடுக்கும் இவ்வழக்கம் இன்று விளையாட்டரங்கோடு நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், தேயிலை மலை ஆகிய எங்கும் அது பரவியுள்ளது. ஆதலின், வரிசையில் உயர்ந்து நிற்பவன் அவ்வுயர்வுக்கு உரியவன்தானா, தாழ்ந்து நிற்பவன் அத்தாழ்வுக்கு உரியவன்தானா என்னும் வினா வெறும் விளையாட்டு வினாவன்று, அறவியல் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்தற்கு ஸ்னூக்கர் ஆட்டம் நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது. 1875ஆம் ஆண்டளவில் ஜபல்பூரில், பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே இவ்வாட்டம் தோன்றியதென்பர்; 1882இல் நீலகிரியின் உதகமண்டலக் கழகத்தில் இதன் விதிகள் வரையறுக்கப்பட்டன. உதகையில் துரைமார் விதி எழுதிய அதே தசாப்தத்தில், ஊவா மலைகளில் கோப்பிச் செடிகள் நோயால் மடிந்து தேயிலை தழைக்கத் தொடங்கியது. தமிழகத்து வறிய மக்கள் கடல் கடந்து வந்து அம்மலைகளில் உழைத்தனர். ஒரே பேரரசின் நிழலில், ஒருசாரார் மேசையருகே நின்றனர். மறுசாரார் மேசை இருந்த கட்டடத்துக்குள்ளேயே நுழைய இயலாதவராயினர். வரிசை என்பது மேசைக்கு வந்தவர்களுள் மட்டுமே எழுதப்படுவது என்னும் உண்மையை இவ்வரலாறு தொடக்கத்திலேயே உணர்த்துகின்றது.

தொழில்முறை ஸ்னூக்கரின் உலகத் தரவரிசை 1976இல் உருவாயிற்று. அதற்கு முந்திய மூன்று உலகச் சாம்பியன் போட்டிகளின் முடிவுகளே அதற்கு அடிப்படை. ரே ரியர்டன் முதலிடம் பெற்றார். பிற்காலத்தில், ஈராண்டுக் காலத்துள் வென்ற பரிசுத் தொகையே அளவுகோலாயிற்று. இம்முறையில் இரு பண்புகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வரிசை தானே வரிசையை வளர்க்கின்றது: முதற் பதினாறு இடத்தினர் உலகச் சாம்பியன் போட்டியின் தகுதிகாண் சுற்றுகளில் ஆடாமலே முதன்மை அரங்குக்குச் செல்வர், ஏனையோர் பல ஆட்டங்களை வென்றே அங்கு வரவேண்டும். இரண்டாவது, வரிசை நிலையற்றது: ஈராண்டு கடந்ததும் பழைய வெற்றி கணக்கினின்று உதிர்ந்துவிடும். முந்தியது சலுகை, பிந்தியது நீதி.

2013 ஒக்டோபரில் புது டில்லியில் இந்தியாவின் முதலாவது தரவரிசைப் போட்டி நடைபெற்றது. சொந்த மண்ணின் வீரர் ஆதித்ய மேத்தா இறுதியாட்டம் வரை முன்னேறி, சீனத்து டிங் ஜுன்ஹூயியிடம் 5-0 எனத் தோல்வியுற்றார். இம்முடிவு உண்மை. ஆனால் அது எதைப்பற்றிய உண்மை? அன்று அந்த மேசையில் நிகழ்ந்ததைப் பற்றிய உண்மை மட்டுமே. தரவரிசைப் போட்டியொன்றின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவர் என்பதையோ, அதற்குப் பின்னாலிருந்த உழைப்பையோ அவ்வெண்கள் சொல்லா. அதுபோலவே, 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியார்ட்ஸ் பட்டத்தை வென்று இலங்கைக்குப் பெருமை சேர்த்த எம். ஜே. எம். லாபிர், தொழில்முறை ஸ்னூக்கர் வரிசையில் இடம்பெற்றவரல்லர். பட்டியலில் இல்லாமை வேறு, பட்டியலில் தாழ்ந்திருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே தரவரிசை பற்றிய முதற் பிழையாகும்.

சிறந்த குழல் சிறந்த குழலிசைஞனுக்கே உரியது என்றார் அரிஸ்டோட்டில். குலமும் செல்வமும் குழலிசைக்குத் தொடர்பற்றவை என்பது அவர் கருத்தின் வலிமை. ஆனால், குழலையே கண்டிராத ஒருவன் சிறந்த இசைஞன் ஆகக்கூடியவனா என்பதை எங்ஙனம் அறிவது? 1971இல் வெளிவந்த ‘நீதிபற்றிய ஒரு கோட்பாடு’ என்னும் நூலில் ஜோன் றோல்ஸ், பிறப்பால் வாய்க்கும் திறனும் குடும்பச் சூழலும் எவரும் தம் முயற்சியால் ஈட்டியவை அல்ல என வாதிட்டார். அரிஸ்டோட்டில் மேசைக்கு வந்தவர்க்கு நீதி கூறினார். றோல்ஸ் மேசைக்கு வரும் பாதையை வினவினார்.

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் இவ்விரு வினாக்களும் நாள்தோறும் எழுகின்றன. கொய்த கொழுந்தின் நிறையே அங்கு அளவுகோல். குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்ட வழக்கு. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது கொழுந்து குறைகின்றது. ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணம் அக்காலத்திலேயே மிகுகின்றது. பொருளின் தரம் உயரும் வேளையில் அதனைக் கொய்தவளின் கூடை இலேசாகின்றது. தராசு பொய் சொல்லவில்லை. ஆயினும் அது உண்மை முழுவதையும் சொல்லவில்லை. அளக்க எளிதானதையே மதிப்பெனக் கருதுதல் இரண்டாவது பிழை.

பல்கலைக்கழக வாயிலிலும் ஒரு தரவரிசை உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற நெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளன. பதுளையும் மொனறாகலையும் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். இஃது தகுதிக்கு இழுக்கு என்பார் கூற்றை எளிதில் ஒதுக்கல் தகாது; நாளை நோயாளியைத் தொடப்போகும் கையின் திறனை எவரும் விட்டுக்கொடுக்க விரும்பார். ஆனால் அத்திறன் சோதிக்கப்படுவது இறுதிப் பரீட்சையில், அனுமதிப் புள்ளியிலன்று. ஆய்வுகூடமற்ற பள்ளியில் பயின்று பெற்ற புள்ளி, வசதி மிக்க பள்ளியில் பெற்ற அதே புள்ளியைவிட மிகுந்த ஆற்றலுக்குச் சான்றாகலாம். ஆயின் ஒதுக்கீடும் குறைபாடுடையதே. மாவட்டம் என்பது நிலத்தின் எல்லை, வறுமையின் எல்லையன்று. பதுளை நகரத்துப் பள்ளி மாணவனும், லயத்து அறையிலிருந்து மலையிறங்கி வரும் மாணவியும் ஒரே மாவட்ட வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். ஈடு செய்ய வந்த அளவுகோலே, ஈடு வேண்டுவோரை மறைத்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் தரவரிசையை ஒழித்துவிடலாமா? ஆகாது. வரிசையற்ற இடத்தில் செல்வாக்கு வரிசையாகும். பரிந்துரைக் கடிதம் புள்ளியாகும். வறியவனுக்குப் பரீட்சை ஒன்றே பலவேளைகளில் கிட்டும் துணை. வேண்டுவது வரிசையின் ஒழிப்பன்று, அதன் அடக்கம். எதனை அளந்தது, எவரை அளக்கவில்லை, எக்காலம்வரை செல்லும் என்னும் மூன்றையும் ஒவ்வொரு வரிசையும் கூறக் கடமைப்பட்டது. ஸ்னூக்கர் பட்டியல் ஈராண்டில் பழையதை உதிர்க்கின்றது. தோட்டத்து மகன் என்று ஒருவரைத் தாழ்த்தி எழுதிய சமூகப் பட்டியலோ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உதிர்ந்தபாடில்லை.

அவ்வாட்டத்தில் மற்றொரு மரபும் உண்டு. நடுவர் காணாத தவறாயினும், பந்தில் தன் கைபட்டதை உணர்ந்த வீரன் தானே அறிவித்துப் புள்ளி இழப்பான். வரிசையில் மேலிடம் பெற்றோர்க்கு இதனினும் உயர்ந்த ஒழுக்கம் வேறில்லை. தம் வெற்றியில் தம் உழைப்பு எவ்வளவு, தமக்கு வாய்த்த மேசை எவ்வளவு என்பதைத் தாமே அறிவித்தல் வேண்டும். பல்கலைக்கழகத்துள் நுழைந்த நாம் அனைவரும் ஏதோ ஒரு வரிசையின் மேலிடத்தினரே. கீழிருப்போரின் தகுதியை அளப்பதன்று, அவர்க்கும் ஒரு மேசை இடுவதே நம் தகுதிக்குரிய சான்றாகும்.