ஸப்ரும் ஹக்கும்

எங்கள் ஊர் மர அறுவைப் பட்டறையில் கூலி வேலை பார்த்த இளைஞர் ஒருவரின் வலக்கை விரல்கள் நான்கு, வாளில் சிக்கி அறுபட்டன. பட்டறைக்காரர் மருத்துவச் செலவை ஏற்றார். பின்னர் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, இனி யாதொரு பாத்தியதையும் இல்லை என்று எழுதிய தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அத்தாளில் சாட்சியாகக் கையெழுத்திட்டவன் நான். சச்சரவின்றி முடிந்ததே என்று அன்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

ஓராண்டு கழிந்து அவருடைய மனைவி வந்தார். நஷ்டஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அவர் வெறும் தினக்கூலி, விபத்து அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது, பணமும் முன்பே கொடுத்தாயிற்று என்று மறுப்பு வந்திருந்தது. "ஹஜ்ரத், மனுப் போட்டால் நாங்கள் ஸப்ரு இல்லாதவர்கள் ஆகிவிடுவோமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

ஸப்ரு என்பது இறைவன் விதித்ததை ஏற்பதாகும். விரல்கள் போனது விதி; அதில் அவ்விளைஞர் முறையிட்டதை யாரும் கேட்டதில்லை. ஆனால், கொடுக்க வேண்டியதை ஒரு மனிதர் கொடுக்காமலிருப்பது அவருடைய செயல். அதனை விதியின் கணக்கில் எழுதுவது, செய்தவரைத் தப்பவிட்டு இறைவன்மீது பழி சுமத்துவதாகும். நாயகம் (ஸல்) அவர்களிடம் தமக்குச் சேரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் சினந்தபோது, உரியவர் பேசட்டும் என அவர்களைத் தடுத்து, சேரவேண்டியதினும் மேலானதையே கொடுக்கப் பணித்தார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. கேட்டவரை அவர்கள் பொறுமையற்றவர் என்று இகழவில்லை.

"அவர்தாம் மன்னித்துக் கையெழுத்திட்டாரே" எனலாம். எதை மன்னித்தார்? எவ்வளவு வரவேண்டும் என்பதையே அவர் அறியார். அளவு தெரியாத ஒன்றை விட்டுக்கொடுத்தல் செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அதனை எத்தனையோ மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த நான், ஊர்ச் சமாதானம் என்றதும் மறந்துபோனேன்.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் அதையே சொல்கிறது. 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், இன்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கியிருக்கிறது. தொழிலாளி தம் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது என்பது அன்றும் விதி, இன்றும் விதி. தற்காலிக வேலையாள் என்று கூறி விலக்கும் வழி 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டது. வெறும் கவனக்குறைவும் தடையன்று. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்றவையே தடைகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவையும் தடையாகா.

நம் ஃபிக்ஹு நூல்கள் ஒவ்வொரு விரலுக்கும் முழு உயிரீட்டில் பத்திலொரு பங்கை விதித்தன. சட்டத்தின் அட்டவணையோ ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் உழைக்கும் திறனில் 50 விழுக்காடு இழப்பு என்று கணக்கிடுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு அடிப்படையில் எழுந்தவை. ஆயினும், இழந்த உறுப்பின் ஈட்டைக் கொடுப்பவரின் தயவுக்கு விடலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஸதக்கா கொடுப்பவரின் விருப்பம். ஹக்கு பெறுபவரின் உடைமை. பள்ளிவாசலுக்கு வாரி வழங்கும் கை, கூலியாளின் உடைமையைப் பிடித்துவைத்திருந்தால், அது வழங்குவது எவருடைய பொருளை?

ஆகவே அந்த அம்மாளிடம், "மனுப் போடுங்கள் அம்மா, ஏசாதீர்கள், பொய் கலக்காதீர்கள், வரவேண்டியதற்கு மேல் ஒரு காசும் கேட்காதீர்கள். அவ்வளவும் செய்தால் ஸப்ரு உங்களோடுதான் இருக்கும்" என்றேன். விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதால், கூலிச் சீட்டுகள், மருத்துவமனைச் சீட்டு, உடன் வேலை செய்த இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தோம். பட்டறைக்காரரின் இல்லத்துக்கும் சென்று, அத்தாள் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை விசாரணையில் உள்ளபடி சொல்லப்போகிறேன் என்று அறிவித்தேன். அன்று முதல் அவர் எனக்கு ஸலாம் உரைப்பதில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. நம் மஹல்லாக்களில் இத்தகைய தாள்களுக்குச் சாட்சியாக நிற்கும் பெரியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுதுகோலை எடுக்குமுன், கையொப்பமிடுபவருக்கு அவருடைய ஹக்கு எவ்வளவு என்பது தெரியுமா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.