வழக்குரையும் குளிர்த்தியும்: பழங்கதையை மீளச் சொல்வோர்க்குரிய அறம்

பழங்கதைகளை மாற்றிச் சொல்லலாமா என்னும் வினா தமிழிலக்கிய உலகிற் காலந்தோறும் எழுந்து அடங்குவதொன்றாகும். புதுமைப்பித்தன் 1943 இல் 'சாபவிமோசனம்' எழுதியபோது, இராமனாற் கல்லுரு நீங்கிய அகலிகை, சீதை தீப்புக நேர்ந்தமை கேட்டு மீண்டும் கல்லானாள். இத்தகைய ஆக்கங்களை மரபு பேணுவோர் சிதைவு என்பர். புதுமை விழைவோர் படைப்பாளியின் உரிமை என்பர். இரு சாராரும் கதை எவ்வளவு மாறிற்று என்பதையே அளக்கின்றனர். அம்மாற்றத்தால் எவருடைய குரல் கேட்கப்பட்டது, எவருடைய குரல் அடங்கிற்று என்பதே அறநோக்கில் முதற்கண் கேட்கத்தக்கது. இதனை ஆராய்தற்கு வன்னி நிலத்திற் பயிலும் இரு கதைகள் பெரிதும் துணைபுரிவன.

முதலாவது கண்ணகி கதை. இதற்கு மாறாத மூலம் ஒன்று உண்டெனக் கொள்வது அரிது. ஒரு முலை அறுத்த திருமாவுண்ணியை நற்றிணையின் 216 ஆம் பாட்டுக் குறிப்பிடுகின்றது. பேகனாற் பிரியப்பட்ட கண்ணகியொருத்தியைப் புறநானூறு காட்டுகின்றது. இவற்றோடு சிலப்பதிகாரத்துக்குள்ள தொடர்பு எத்தகையதாயினும், இளங்கோவடிகளுக்கு முன்னரே இத்தகு செய்திகள் மக்களிடை வழங்கின என்பது தெளிவு. அவ்வகையில் இளங்கோவும் மீளச் சொன்னவரே. ஈழத்திற் கோயில்தோறும் படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரை மேலும் ஒரு படி செல்கின்றது. அதன்படி கண்ணகி பாண்டியனது சோலை மாங்கனியில் தோன்றியவள். அவனாற் பேழையில் இட்டு நீரில் விடப்பட்டு, வணிகர் கைப்பட்டு வளர்ந்தவள். எனவே அவள் வழக்காட வந்த அவை, அவளை முன்னரே ஒருமுறை புறந்தள்ளிய தந்தையின் அவையாகின்றது. இம்மாற்றம் காப்பியத்தில் இல்லாதது. எனினும் அரசனது பிழையை அது ஆழப்படுத்துகின்றதேயன்றி மறைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' படைத்தார். மு. கருணாநிதியின் எழுத்தில் 'பூம்புகார்' திரைப்படம் 1964 இல் வெளிவந்தது. இவர்கள் கண்ணகியைத் தெய்வமாக வழிபடுதற்கு மாறாக, நீதி கேட்ட தமிழ்ப் பெண்ணாக முன்னிறுத்த விழைந்தோர். கோயிற் பாடலும் பகுத்தறிவாளர் படைப்பும் நோக்கத்தால் நேர்மாறானவை. ஆயினும் இவை யாவற்றிலும் நீங்காது நிற்பது ஒன்றுண்டு. கையிற் சிலம்போடு ஒருத்தி அரசவை புகுந்து கணவன் கள்வனல்லன் என நிறுவும் நிகழ்ச்சியே அது. கதையின் உயிர் அங்கே உள்ளது.

இனி, மதுரை எரிந்தபின் அவள் எங்குச் சென்றாள்? சேரநாட்டு மலைக்குச் சென்று விண்ணேறினாள் என்கிறது காப்பியம். வன்னி மக்கள் விடை வேறு. அவள் ஈழம் போந்து, பல இடங்களிற் தங்கி, பத்தாவதாக நந்திக்கடற் கரையை அடைந்தாள். பத்தாம் பளையே வற்றாப்பளை ஆயிற்று என்பர். ஆங்கு மாடு மேய்த்துநின்ற சிறுவர்முன் ஒரு மூதாட்டியாய்த் தோன்றிப் பசிக்கிறது என்றாள். சிறுவர் குழையாற் பந்தலிட்டுப் பொங்கி அளித்தனர். பொழுது சாய்ந்தது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் பணிக்க, விளக்கு எரிந்தது. தலையிற் பேன் பார்க்குமாறு அவள் கேட்கக் கூந்தலை விலக்கிய சிறுவர், தலையெங்கும் கண்களைக் கண்டு திகைத்தனர், அவள் மறைந்தாள். இன்றும் வைகாசித் திங்களில் முல்லைத்தீவுக் கடலில் நீரெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலும் வற்றாப்பளையிலும் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது.

ஈழத்துக் கண்ணகி வழிபாட்டில் வழக்குரை என்றும் குளிர்த்தி என்றும் இரு கூறுகள் உள. முன்னையது அவளது வழக்கை எடுத்துரைப்பது. பின்னையது அவளது வெம்மை தணிய வேண்டுவது. இவற்றின் வரிசையே ஈண்டுக் கருதத்தக்கது. வழக்குரைத்த பின்னரே குளிர்த்தி. நெஞ்சின் தீ தணிக்கப்படுமுன் அத்தீ எதனால் மூண்டதென்பது ஊரறியச் சொல்லப்படுகின்றது. மீளச் சொல்வோர்க்கு வேண்டிய அறம் இவ்வரிசையில் அடங்கியுள்ளது. நிகழ்ச்சியை மாற்றலாம், பிறப்பை மாற்றலாம், இறுதியையும் மாற்றலாம். கேட்கப்படாத வழக்கைக் கேட்கப்பட்டதுபோலக் காட்டி முடித்தல் மட்டும் ஆகாது. ஆராயாது தீர்ப்பளித்ததே பாண்டியன் பிழை. கதை சொல்வோனும் ஒருவகையில் நீதியிருக்கையில் அமர்பவனே. அதே பிழை அவனையும் பற்றக்கூடும்.

இரண்டாவது கதையில் அப்பிழை நேர்ந்துள்ளது எனலாம். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியவன். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தமையைக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் கூறிற்று. தோல்வியைக் கூறிய அக்கல் காட்டிக்கொடுத்தவன் எவனையும் கூறவில்லை. கர்ணபரம்பரைக் கதையும் அதனைத் தழுவிய நாடகங்களும் காக்கைவன்னியன் என்பானை அவ்விடத்தில் நிறுத்தின. ஈழத்து அரசியற் பேச்சில் அப்பெயர் வசைச்சொல்லாகவே நிலைத்தது. ஆனால் 1803 க்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சங்கிலியைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவனாக ஒரு காக்கைவன்னியனைச் சொல்லியிருந்தது. இரு வேறு நூற்றாண்டுகளின் இரு தோல்விகளுக்கு ஒரே பெயர் பழி சுமக்கின்றது. இஃது ஐயத்துக்கு இடந்தரவேண்டும், தந்ததில்லை.

தோற்ற மக்கள் துரோகியைத் தேடுவது இயல்பு. படைக்கலத்தின் வேறுபாடு, உட்பூசல், வன்னிமைகளின் தளர்ச்சி ஆகியவற்றை ஆராய்வது கடினம். ஒருவனைச் சுட்டுவது எளிது. கண்ணகிக்காக அழுத அதே அவை காக்கைவன்னியனை விசாரணையின்றித் தண்டித்து மகிழ்ந்ததாயின், அது கண்ணகி கதையைக் கேட்டும் கல்லாததேயாம். இத்தகைய கதைகளில் வளரும் தலைமுறை, துரோகி என்னும் சொல் ஒருவன்மேல் விழுந்தவுடனே வழக்கு முடிந்ததென எண்ணப் பழகிவிடுகின்றது. அப்பழக்கத்தின் விலையை வன்னி அறியும்.

நந்திக்கடற் கரை 2009 மே மாதத்திற்குப் பின் வேறொரு பொருளையும் பெற்றுவிட்டது. போரின் இறுதி நாட்கள் முடிவுற்ற அந்நீரைப் பழங்கதையின் நீராக மட்டும் இனி எவரும் எழுதவியலாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. புகைப்படம் ஏந்தி நின்ற அத்தாய்மாரைக் கண்ணகியரெனப் பாடத் தோன்றுவது இயற்கை. ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. கண்ணகி கேட்டதற்கு மறுமொழி கிடைத்தது. அரசன் தன் பிழையை ஏற்று உயிர் துறந்தான். இத்தாய்மார் பலருக்கு மகன் உளனா இலனா என்னும் செய்தியே கிட்டவில்லை. விடை வேண்டி நிற்பவளைத் தெய்வமாக்கிப் பொங்கலிட்டு வணங்குவது, அவளை அனுப்பிவைக்கும் மரியாதையான வழியாகவும் அமையக்கூடும்.

துயருற்றோர்க்கு ஆறுதல் தருவதும் கலையின் பணியன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மை, அப்பணி சிறிதன்று. மேய்ச்சற் சிறுவர் செய்தது அதுவே. அவர்கள் வழக்கை விசாரிக்கவில்லை. பசித்தவளுக்கு உணவும் நிழலும் ஒளியும் தந்தனர். ஆயினும் அவர்கள் அவளுக்குத் தீங்கிழைத்தவரல்லர். மதுரையை மறந்துவிடு என அவளிடம் சொன்னவருமல்லர். அவர்கள் கையிற் பொங்கல் அருளாகும். நீதி வழங்கக் கடமைப்பட்டவன் அதற்கு ஈடாகப் பொங்கல் நீட்டுவானாயின் அது வஞ்சனையாகும். கதையை மீளச் சொல்வோனுக்குச் சிறுவரைப்போல் இருத்தற்கு என்றும் உரிமை உண்டு. அரசவையின் சார்பில் வழக்கை முடித்துவைக்கும் உரிமை அவனுக்கில்லை.

ஆகவே, பழங்கதையை மாற்றுதல் குற்றமன்று. மாறாது சொல்லப்பட்ட கதை எதுவுமில்லை. அதன் பாத்திரம் ஒவ்வொன்றையும், பழி சுமந்த காக்கைவன்னியன் உட்பட, கேட்டபின் சொல்லுதலே கடன். கேட்டும் விடை கிட்டாதபோது, விடை கிட்டவில்லை என்பதையே கதையின் முடிவாக வைக்கும் துணிவு வேண்டும். குளிர்த்திக்குரிய நாள் வரும்வரை வழக்குரையைப் படித்துக்கொண்டிருத்தலும் வழிபாடேயாம்.